பதினாலாவது கேள்வி

பென்சில் அக்கா கொண்டுவந்து கொடுத்த படிவம் ஒன்றுகூட இதுவரை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. பல் தேய்க்கும் பழக்கம், பஸ் நேரம், குப்பைத் தொட்டி, தூக்கம் என்று என்னென்னவோ கேட்டுக்கொண்டு பதினோரு கணக்கெடுப்புகளுக்குக் கதவு கதவாக ஏறி இறங்கியவள். விடுபட்ட கட்டம் கிடையாது, அடித்துத் திருத்திய எண் கிடையாது. கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் அவளுக்கே ஞாபகம் வரும்.

பன்னிரண்டாவது கணக்கெடுப்பு கொஞ்சம் வேறு மாதிரி. இங்கேயே பிறந்தவர்களும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் இந்த நாட்டைப் பற்றி எவ்வளவு பெருமைப்படுகிறார்கள், இதோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். படிவம் ஆறு மொழிகளில் அச்சாகியிருந்தது. தமிழ்ப் படிவம் முழுக்க அக்காவின் பங்கு. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

பயிற்சி நாளன்று சூப்பர்வைசர் தம்பி, வழக்கம்போல ஒற்றை விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "எழுதினதை எழுதினபடியே வாசிக்கணும். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அர்த்தம் கேட்டாங்கன்னா, 'உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படிச் சொல்லுங்க'ன்னு மட்டும் சொல்லணும்."

அக்காவுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாலும் ஒரு கமா தவறாது. மூன்றாவது நாள், ஒரு வெல்டரைப் பார்க்கப் போகிறவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அன்று அவருக்கு விடுமுறை. ஆனால் மனுஷன் வீட்டுக்குள் இல்லை. அடுக்குமாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "நாலாவது மாடியில ஒரு வயசான ஜோடி இருக்காங்கம்மா. போன வாரம் அந்த அம்மா இதைப் பிடிச்சுட்டு வழுக்கிட்டாங்க" என்றார். யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை, அவராகத்தான் செய்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அங்கேயே படியில் இடம் கொடுத்தார்.

ஒன்பதாவது கேள்வி, இந்த நாட்டைப் பற்றி எவ்வளவு பெருமைப்படுகிறீர்கள் என்பது. "ஒன்பது போட்டுக்கோங்க. நான் வந்த புதுசுல ஆஸ்பத்திரி வரிசையில நின்னேன். முன்னாடி நின்னவர் கோட்டும் சூட்டுமா இருந்தாரு. அவரும் நின்னாரு, நானும் நின்னேன். அது எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

பதினாலாவது கேள்விக்கு வந்தாள். படிவத்தில் இருந்தபடியே வாசித்தாள்: "இந்த நாடு உங்களுக்கு எந்த அளவுக்குச் சொந்தமானது என்று உணர்கிறீர்கள்?"

வெல்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "சொந்தமா? எனக்கா?"

"ஆமாங்க."

"நாட்டை எவன்மா என் பேருக்கு எழுதி வச்சான்? இந்த வீடே வாடகை வீடு. பூஜ்யம்."

"உங்களுக்கு எப்படிப் புரியுதோ..."

"நல்லாப் புரிஞ்சுதான்மா சொல்றேன். பூஜ்யம்!" என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அக்கா பூஜ்யத்தை எழுதினாள். எழுதிவிட்டு, புதிதாகப் பற்றவைத்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள். மனம் மட்டும் அந்தப் பூஜ்யத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்றது. படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஐந்து வரி விட்டிருப்பார்கள், யாரும் நிரப்ப மாட்டார்கள். தெருவோரம் நின்று, வெல்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அதில் எழுதினாள்.

அதற்குப் பிறகு குறிப்புக்கு இடம் போதவில்லை. சலவைக்கடைக்காரம்மா, "எனக்குச் சொந்தம்னா இந்த இஸ்திரிப் பெட்டிதான். ரெண்டு போடுங்க" என்றாள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணோ வேறு பக்கம் போய்விட்டாள்: "சொந்தம்னு இங்க யாரு இருக்கா அக்கா? ஒரே ஒரு சித்தப்பா. அவரும் கல்யாணத்துல கோவிச்சுட்டுப் பேசுறதில்ல. ஒண்ணு." ஒரு நர்ஸ் மட்டும் யோசித்து ஐந்து என்றாள். ஏன் என்று கேட்க அக்காவுக்கு அனுமதி இல்லை. அவளாகவே சொன்னாள்: "போன வருஷம் பிளாட் வாங்கிட்டோம்ல."

வார முடிவில் அறுபத்து மூன்று படிவங்கள் சேர்ந்தன. அவற்றில் நாற்பத்தொன்றில் பதினாலாவது கேள்விக்கு எதிரே பூஜ்யம், ஒன்று, இரண்டு.

சனிக்கிழமை கூட்டத்தில் சூப்பர்வைசர் தம்பி தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். சுவரில் வண்ண வண்ணமாகப் பட்டைகள் வரைந்து ஒட்டியிருந்தார். மற்ற மொழிக்காரர்களின் பட்டைகள் ஓரளவு ஒரே உயரத்தில் நின்றன. தமிழ்ப் பட்டை மட்டும், பெருமையில் எட்டுக்கு மேல் ஏறி, ஒட்டுதலில் இரண்டுக்குக் கீழே படுத்திருந்தது.

"எப்படி இருக்கு பாருங்க! நாட்டைப் பார்த்துப் பெருமைப்படுறாங்க, ஆனா ஒட்ட மாட்டேங்குறாங்க. இது பெரிய விஷயம். அடுத்த வியாழக்கிழமை குடியுரிமைக் கமிட்டியில டைரக்டர் அம்மா இதைத்தான் பேசப்போறாங்க. அஞ்சு வருஷத்துல குடியுரிமை குடுக்குறதை எட்டு வருஷமா மாத்தணும்னு அங்க ரெண்டு பேர் ஏற்கெனவே சொல்லிட்டிருக்காங்களாம்."

அக்கா எழுந்தாள். "தம்பி, கேள்வியிலதான் கோளாறு. சொந்தம்னு கேட்டா நம்ம ஆளுங்க பத்திரத்தைத் தேடுறாங்க. இல்லன்னா சித்தப்பாவைத் தேடுறாங்க."

"அக்கா, மொழிபெயர்ப்பு சரின்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. வார்த்தையை மாத்துறது நம்ம வேலை இல்ல. நீங்க வாசிங்க, போதும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து, சமையலறையில் நின்றபடியே டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கெதுக்கு இந்த வம்பு? வாசிச்சியா, எழுதினியா, வந்தியான்னு இரு" என்றார்.

"சரி, நீங்க சொல்லுங்க. இந்த நாடு உங்களுக்கு எந்த அளவுக்குச் சொந்தம்?"

"நாடா? இந்தக் குழாய்கூட ஹவுஸ் ஓனரோடது. அதுவும் ஒழுகுது."

"பார்த்தீங்களா?"

"என்னத்தைப் பார்க்குறது? பார்க்குற லட்சணத்துலயா இருக்கு நம்ம ரோடு? பாலத்துக்குப் பக்கத்துல மறுபடியும் தோண்டிப் போட்டுட்டானுங்க. நம்ம பஸ் பன்னண்டு நிமிஷம் நின்னுச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம் இறங்கி நடந்து போச்சுங்க. நான் விடுறதா இல்ல, நாளைக்கு நகராட்சிக்கு எழுதப்போறேன். நம்ம ஊர்ல ஒரு வேலையை ஒரே தடவையில ஒழுங்காச் செய்யத் தெரியாதா?"

அக்கா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தாள். "எந்த ஊரை 'நம்ம ஊர்'னு சொன்னீங்க?"

"இந்த ஊரைத்தான். வேற எந்த ஊரை?"

"நாம பிறந்த ஊரைப் பத்தி இந்த ஊர்க்கார டிரைவர்கிட்டப் பேசும்போது என்ன சொல்வீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க ஊர்னு சொல்வேன்."

அக்கா படிவக் கட்டை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். தான் எழுதிவைத்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'நம்ம தெருவுல லைட் எரியல' என்றிருந்தார் வெல்டர். 'நம்ம கடைக்கு வர்றவங்க' என்றிருந்தாள் சலவைக்கடைக்காரம்மா. 'நம்ம பார்க்குல வாரம் ஒருநாள் குப்பை பொறுக்குறோம்' என்று ஒருவர். பூஜ்யமும் ஒன்றும் போட்ட அதே ஆட்கள், அதே மூச்சில், எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு 'நம்ம, நம்ம' என்று சொல்லியிருந்தார்கள். அவளே கைப்பட எழுதியிருந்தும் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

"டீ ஆறுது" என்றார் புருஷன்.

"ஆறட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை, சூப்பர்வைசர் தம்பி வழிமறித்தும் கேட்காமல், டைரக்டர் அம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள். டைரக்டர் அம்மா இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. முப்பது வருஷமாக எண்களோடு குடித்தனம் நடத்தியவர், லேசில் எதையும் நம்பிவிட மாட்டார். இந்த நாட்டு மொழியில் அக்கா நிதானமாக விளக்கினாள். ஒரே சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று சொத்து, இன்னொன்று உறவுக்காரர்கள். நீங்கள் கேட்க நினைத்ததோ மூன்றாவது ஒன்று.

டைரக்டர் அம்மா குறிப்புகளைப் புரட்டினார். "இதை எழுதினதும் நீங்கதான், மொழிபெயர்த்துச் சொல்றதும் நீங்கதான். நீங்களும் வெளியிலிருந்து வந்தவங்க. இந்த எண் கூடணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும். நான் அதைச் சந்தேகப்பட்டுத்தானே ஆகணும்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். இவர் சொன்னதில் தப்பே இல்லை என்று பட்டது. "தாராளமாச் சந்தேகப்படுங்க மேடம். சந்தேகப்படலன்னா அப்புறம் இந்த ஆபீஸ் எதுக்கு? ஆனா ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க."

சூப்பர்வைசர் தம்பி வந்தார். அவர் இங்கேயே பிறந்தவர். அப்பா அம்மா குடியேறியவர்கள், வீட்டில் பேசுவது தமிழ். என்ன ஏது என்று அவரிடம் சொல்லவில்லை. அக்கா ஒரு படிவத்தை எடுத்து, வாசலில் நின்று வாசிக்கும் அதே குரலில் பதினாலாவது கேள்வியை வாசித்தாள்.

தம்பி காதைச் சொறிந்தார். "எந்த அளவுக்குச் சொந்தம்னா... அப்பா கட்டின வீடு ஒண்ணு இருக்கு. அதுவும் அண்ணன் பேர்லதான் இருக்கு. ஒரு நாலு போடுங்க. மூணு... சரி, நாலு."

அக்கா அந்த எண்ணை டைரக்டர் அம்மாவுக்குச் சொன்னாள். "இப்ப நீங்க உங்க மொழியில கேளுங்க மேடம்."

டைரக்டர் அம்மா மூலப் படிவத்திலிருந்து கேட்டார். கேள்வி முடியுமுன்பே தம்பி, "பத்து. இதென்ன மேடம் கேள்வி? நான் பிறந்ததே இங்கதானே!" என்றார்.

தம்பி இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "ரெண்டும் ஒரே கேள்வியா?" என்று கேட்டார்.

டைரக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒரே கேள்வின்னுதான் நானும் இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன்."

அடுத்த ஒரு மணி நேரம் மூன்று பேரும் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டினார்கள். 'இதை நம்ம நாடு என்று எந்த அளவுக்கு நினைக்கிறீர்கள்' என்று கேட்கலாம் என்பது அக்காவின் ஆசை. நேற்றிலிருந்தே அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் டைரக்டர் அம்மா விடவில்லை. "கேக்குறவங்களே 'நம்ம'ன்னு சொல்லிட்டா, பதில் சொல்றவங்களுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வருமா?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். வராது. ஒரு டீயை நீட்டிவிட்டு வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் அது. கையைத் தட்டிவிட எவருக்கும் கூசும். "வராதுங்க மேடம். நீங்க சொல்றது சரி" என்று தன் சொல்லைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டாள். கடைசியில், 'இந்த நாட்டு மக்களில் நீங்களும் ஒருவர் என்ற எண்ணம் உங்களுக்கு எந்த அளவுக்கு இருக்கிறது?' என்று முடிவானது. யாருக்கும் சாயாத, அலங்காரமில்லாத வாக்கியம்.

"வீடுகளைப் பாதியாப் பிரிச்சுக்கோங்க. பாதிக்கு நீங்க போங்க, மீதிக்குச் சூப்பர்வைசர் போகட்டும். ரெண்டு பேரோட எண்ணும் ஒத்து வந்தா நம்புறேன்" என்ற டைரக்டர் அம்மா, கமிட்டிக்குப் போன் செய்து மூன்று வாரம் தள்ளிப்போடச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ கத்தியது அக்காவுக்கே கேட்டது. டைரக்டர் அம்மா அசரவில்லை.

அந்த மூன்று வாரமும் அக்கா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தாள். போயிராத வீடுகளுக்கு முதல் தடவை, போன வீடுகளுக்கு இரண்டாம் தடவை. "மறுபடியுமா?" என்று சலித்துக்கொண்டவர்களிடம், "ஆமாங்க, நாங்க கேட்டதுதான் சரியில்ல" என்று ஒளிக்காமல் சொன்னாள். அதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் உட்கார நாற்காலி போட்டார்கள். அலுவலகத்திலிருந்து வந்து தப்பை ஒப்புக்கொண்ட ஆளை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெல்டர் புதுக் கேள்வியைக் கேட்டதும் தலையாட்டினார். "இதைக் கேளுங்கம்மா, இது கேள்வி! ஒன்பது."

மீதி ஒன்று என்ன ஆச்சு என்று அக்கா கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அவரே சொன்னார்: "அந்த ஒண்ணை நான் கையில வச்சுக்குறேன். எப்பவாவது கோவம் வந்தா வேணும்ல."

நர்ஸ் வீட்டில்தான் எதிர்பாராதது நடந்தது. பிளாட் வாங்கி ஐந்து போட்டவள், புதுக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாறு வருஷமா ஒரே வார்டு. புதுசா வர்ற டாக்டர் இன்னைக்கும் என்னைத் தாண்டிப் போய், நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணுகிட்டதான் நோயாளியைப் பத்திக் கேக்குறார். அவ இங்க பிறந்தவ. மூணு போடுங்கக்கா."

அக்காவுக்கு அந்த மூன்றை எழுதக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கை தயங்கவில்லை. பூஜ்யத்தை எழுதியபோது உறுத்திய உறுத்தல் இதில் இல்லை. நர்ஸ் நினைத்ததைத்தான் சொன்னாள். படிவம் கேட்டதும் அதைத்தான். மூன்று என்று எழுதி, சொன்ன காரணத்தையும் கீழே எழுதி, "இது அப்படியே போய்ச் சேரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

எண்களைக் கூட்டிப் பார்த்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் கணினியைச் சுற்றி நின்றார்கள். அக்கா போன வீடுகளில் சராசரி ஆறு புள்ளி ஏழு. சூப்பர்வைசர் தம்பி போன வீடுகளில் ஆறு புள்ளி ஒன்பது.

"உங்களைவிட நான் புள்ளி ரெண்டு ஜாஸ்திக்கா!" என்று தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வார்த்தையை மாற்றுவது நம்ம வேலை இல்லை என்று விரலை ஆட்டியவர், இப்போது போகிற வருகிறவர்களிடமெல்லாம் தான் நாலும் பத்தும் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டைரக்டர் அம்மா இரண்டு எண்களையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு, "என் சந்தேகத்தைத் திரும்ப எடுத்துக்குறேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

கமிட்டிக்கு அக்காவையும் கூட்டிப்போனார். நீளமான மேஜை, தண்ணீர்க் குவளைகள், ஒன்பது பேர். பன்னிரண்டு கணக்கெடுப்புகளுக்கு வாசல் வாசலாக நின்று பேசிய அக்காவுக்கு இது இன்னொரு வாசல். எட்டு வருஷமாக்க வேண்டும் என்றிருந்தவர்களில் ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "ஒரு வார்த்தையை மாத்தினதும் ஒட்டுதல் வந்துடுச்சா?"

"புதுசா எதுவும் வரலைங்க. முன்னாடியே இருந்தது. நாங்க கேட்ட விதத்துல அது எங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. "எல்லாரும் ஒன்பதும் பத்தும் போடல. மூணு போட்டவங்களும் இருக்காங்க. ஏன் மூணுன்னு அவங்க சொன்னதை அப்படியே எழுதிக் கொண்டுவந்திருக்கேன். ஒன்பது போட்டவங்களைவிட அவங்க சொன்னதை நீங்க பொறுமையாப் படிக்கணும். ஏன்னா அதைச் சரிபண்ற இடத்துல நீங்கதான் இருக்கீங்க."

கேட்டவர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, "அந்தப் பேப்பரை இங்க குடுங்க" என்றார்.

ஐந்து வருஷம் ஐந்து வருஷமாகவே நின்றது. குறைவான எண் கொடுத்தவர்களின் வார்த்தைகள் அறிக்கையில் தனி அத்தியாயமாக வந்தன. ஆஸ்பத்திரி வார்டு, பள்ளிக்கூடம், போலீஸ் நிலையம் என்று இடம் வாரியாகப் பிரித்து, அந்தந்தத் துறை பதில் சொல்ல வேண்டும் என்று கமிட்டி எழுதி அனுப்பியது. நர்ஸ் இருந்த வார்டில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது, அது நிச்சயம்.

அடுத்த மாதம் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேஜை போட்டார்கள். இனி எந்தப் படிவமானாலும் அச்சுக்குப் போகுமுன் தமிழ் வாசகத்தை அவள் பார்க்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாள். மீதி நாள் வழக்கம்போல வீடு வீடாக. "முழு வாரமும் உட்கார்ந்துக்கலாமே" என்று டைரக்டர் அம்மா சொல்லியும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போகாமல் வார்த்தையைப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டாள்.

முதல் நாள் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவர்கள், பழைய மொழிபெயர்ப்பில் கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு பேர். ஒருவர் கல்லூரிப் பேராசிரியர், இன்னொருவர் அகராதி போடுகிறவர். இரண்டு பேரும் முகத்தைக் கொஞ்சம் உம்மென்றுதான் வைத்திருந்தார்கள். இந்தத் தடவை அக்கம்பக்கத்து நம்பிக்கையைப் பற்றிய கணக்கெடுப்பு. முதல் கேள்வியைப் பேராசிரியர் கணீரென்று படித்தார்: "அண்டை அயலாரிடத்தில் தாங்கள் கொண்டுள்ள நம்பகத்தன்மையின் அளவு யாது?"

"ஐயா," என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள் பென்சில் அக்கா. "என்னைப் பக்கத்து வீட்டுக்காரின்னு நினைச்சுக்கோங்க. வெளியூர் போறீங்க. வீட்டுச் சாவியை என்கிட்டக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அகராதிக்காரர் முதலில் சிரித்தார். பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பூட்டு நல்ல பூட்டா இருந்தா குடுப்பேன்" என்றார். அப்புறம் மூன்று பேரும் காகிதத்தின் மேல் குனிந்து, ஒருவரை ஒருவர் பேசவிடாமல், முதல் கேள்வியிலேயே காலைப் பொழுது பூராவையும் கழித்தார்கள்.